துப்பாக்கிக்கு ஒரு பை

"காய்கறிப் பை, பள்ளிக்கூடப் பை, தாம்பூலப் பை என்று எல்லாப் பைகளைப் பற்றியும் எழுதிவிட்டீர்கள். துப்பாக்கிப் பையை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று காரைக்காலிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

கடிதத்தின் முதல் வரி வேடிக்கையாக இருக்கிறதே தவிர, இரண்டாவது பக்கத்தில் வேடிக்கை ஒன்றும் இல்லை. அந்த அம்மாளின் பெண் திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். வயது பத்தொன்பது. என்.சி.சி.யில் .22 ரைஃபிளைப் பிடித்துப் பார்த்த ருசி விடவில்லை. ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து பிஸ்டலும் ரிவால்வரும் குறி பார்த்துச் சுடக் கற்றுக்கொண்டு வருகிறாள். தகப்பனாருக்குப் பெருமை, பாட்டிக்குப் பயம், தாயாருக்கு இரண்டும். மாதம் இரண்டு தடவை பெண் ஊருக்கு வரும்போது அழுக்குத் துணி, பாடப் புத்தகம், காதுமூடி, கண்ணாடி எல்லாம் ஒரே பையில் வந்து இறங்கும். போன மாதம் அந்தப் பையைத் துவைப்பதற்காகத் தாயார் உதறினார். பக்கவாட்டு அறையிலிருந்து 'டக்' என்று ஏதோ தரையில் விழுந்தது. பித்தளை நிறம், ஓர் அங்குல நீளம், பென்சில் பருமன்கூட இல்லை. சுடாத தோட்டா!

அதை எடுத்து அஞ்சறைப் பெட்டியில், கடுகுக்குப் பக்கத்தில் வைத்து மூடிவிட்டாராம். "அடுத்த தடவை பெண்ணிடமே கொடுத்து அனுப்பட்டுமா, கடலில் போட்டுவிடட்டுமா? இனிமேல் அவளுக்கு எந்த மாதிரிப் பை வாங்கித் தர வேண்டும்?" என்று கேட்கிறார்.

அம்மா, அனுப்பவும் வேண்டாம், கடலில் போடவும் வேண்டாம். முதலில் அதை அஞ்சறைப் பெட்டியிலிருந்து எடுங்கள். ஒரு சிறு டப்பாவில் பஞ்சு வைத்து, அதில் போட்டு, அடுப்புக்கு எட்டத்தில், குழந்தைகள் கைக்கு அகப்படாத இடத்தில் பூட்டி வையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கடுகைக் கொட்டிவிடுங்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பிறகு கிளப் நிர்வாகிக்குத் தகவல் சொல்லுங்கள். உள்ளூர்ப் போலீஸ் நிலையத்துக்கும் தகவல் கொடுத்து, அவர்கள் சொல்கிறபடி ஒப்படையுங்கள். தெரிந்த வக்கீல் ஒருவரைக் கலந்துகொண்டு செய்தால் இன்னும் நல்லது. நீங்களாக அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டாம்.

ஒரு பொடித் தோட்டாவுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பீர்கள். 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் உரிமம் கேட்கிறது. அதன் கண்ணுக்கு ஒரு தோட்டாவும் தோட்டாதான், ஆயிரம் தோட்டாவும் தோட்டாதான். 2019-இல் செய்த திருத்தத்தின்படி, உரிமம் இல்லாமல் வைத்திருந்ததற்குத் தண்டனை இரண்டு வருடத்திலிருந்து ஐந்து வருடம் வரை. உங்கள் பெண்ணுக்கு இன்னும் 21 வயது ஆகவில்லை. சொந்தத்தில் துப்பாக்கி உரிமம் வாங்குகிற வயது அதுதான். இப்போது அவள் சுடுவது கிளப்பின் துப்பாக்கி, பயிற்சியாளரின் மேற்பார்வையில். தோட்டா அங்கேயே கொடுக்கப்பட்டு அங்கேயே தீர வேண்டியது.

கோர்ட்டுகள் இரக்கமில்லாதவை அல்ல. ஆயுதத்தை வைத்திருந்தார் என்றால் தெரிந்து வைத்திருந்தாரா என்று பார்க்க வேண்டும் என்பதை 1972-இல் குன்வந்த்லால் என்பவருடைய வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் விளக்கியிருக்கிறது. விமான நிலையத்தில் பெட்டிக்குள் ஒற்றைத் தோட்டா அகப்பட்டு வழக்கான பல சந்தர்ப்பங்களில் டில்லி ஹைகோர்ட் வழக்கை ரத்து செய்திருக்கிறது. ஆனால் பாருங்கள், ரத்து ஆவதற்கு முன்னால் விமானம் போய்விடும். போலீஸ் நிலையம், ஜாமீன், வக்கீல் கட்டணம், பாஸ்போர்ட்டுக்கு மனுப்போடும்போது ஒரு கேள்வி என்று வரிசையாக வரும். ஒரு பெண்ணின் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் நடுவில் இதெல்லாம் எதற்கு?

அதிலும் காரைக்கால் ஊர் இருக்கிறதே, இந்த விஷயத்தில் அதற்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. மாவட்டமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். தெற்கே போனால் வாஞ்சூர் தாண்டி நாகூர்; வடக்கே போனால் பூவம் தாண்டித் தரங்கம்பாடி; மேற்கே அம்பகரத்தூருக்கு அப்பால் திருவாரூர்ச் சீமை. எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கையில் இருக்கும் வேர்க்கடலை தீருமுன் தமிழ்நாடு வந்துவிடுகிறது! தலைநகரான புதுச்சேரிக்குப் போக வேண்டுமென்றாலும் மயிலாடுதுறை மாவட்டத்தையும் கடலூர் மாவட்டத்தையும் தாண்டித்தான் போக வேண்டும். காரைக்காலில் பாட்டில் மலிவு என்பதால் எல்லையில் தமிழ்நாட்டுப் போலீசார் பைகளைச் சோதிப்பது சகஜம். பாட்டிலைத் தேடுகிற கைக்குத் தோட்டா அகப்பட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லையில் பையைத் திறந்து காட்டுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தைக் கொடுக்கிற வரையில் இது அந்நிய நாட்டு எல்லை. துப்பாக்கி விஷயத்திலும் அந்த எல்லைக்கு ஒரு பழங்கதை உண்டு. 1878-ஆம் வருடத்து ஆயுதச் சட்டத்தால் வெள்ளைக்காரர் இந்தியர் கையைக் கட்டிப்போட்டிருந்தார்கள். பிரெஞ்சு மண்ணில் அந்தச் சட்டம் செல்லாது. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடக் கற்றுக்கொண்ட வாஞ்சிநாதன்தான் 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ஜங்ஷனில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். இன்றைக்கு எல்லையின் இரண்டு பக்கத்திலும் ஒரே சட்டம்தான். ஆனால் துப்பாக்கி உரிமத்தில் அது எந்த எல்லைவரை செல்லும் என்று எழுதியிருக்கும். வீட்டைவிட்டுக் கிளம்புமுன் அந்த வரியைப் படித்துக்கொள்வது காரைக்காலில் மற்ற ஊர்களைவிட அவசியம்.

சரி, பைக்கு வருவோம்.

கடைகளில் விற்கிற பைகளில் முக்கால்வாசி, அறைகளைக் காட்டித்தான் ஆளை மயக்குகின்றன. உள்ளே ஓர் அறை, அதற்குள் ஓர் அறை, பக்கத்தில் வலை, மூடியில் ரகசிய ஜிப்! கைப்பை வாங்கும்போது நமக்கெல்லாம் இது பிடிக்கிறது. துப்பாக்கிப் பைக்கு இதுதான் ஆகாது. எத்தனை அறை இருக்கிறதோ அத்தனை இடத்தில் தோட்டா ஒளிந்துகொள்ளும். உங்கள் பெண்ணின் பையில் நேர்ந்தது அதுதான். ஆகையால் அறைகள் குறைவாக, வாய் அகலமாக, மூன்று பக்கமும் ஜிப் திறந்து புத்தகம்போல் விரிகிற பையாகப் பாருங்கள். கவிழ்த்து உதறினால் உள்ளே ஒன்றும் தங்கக் கூடாது. உள்துணி கறுப்பாக இருந்தால் வாங்காதீர்கள். வெள்ளையோ இளநீலமோ இருந்தால் பித்தளை பளிச்சென்று கண்ணில் படும்.

இரண்டாவது, அந்தப் பை அதற்கென்றே இருக்க வேண்டும். புடவையும் புத்தகமும் முறுக்கு டப்பாவும் அதில் ஏறக் கூடாது. அந்தப் பையும் ஊர்ப் பிரயாணத்துக்கு வரக் கூடாது. இரண்டு பை வைத்துக்கொள்வது பணக்காரத்தனம் என்று நினைக்க வேண்டாம். விமான நிலையத்தில் அகப்படுகிற ஒற்றைத் தோட்டா பெரும்பாலும் இரண்டு வேலைக்கும் ஒரே பையை வைத்திருந்ததால் வந்த வினையாகத்தான் இருக்கும்.

கனத்தையும் கவனிக்க வேண்டும். போட்டியில் 25 மீட்டர் பிஸ்டலுக்கு எடை 1,400 கிராமுக்குமேல் போகக் கூடாது என்பது சர்வதேச விதி. அதோடு காதுமூடி, கண்ணாடி, சுத்தம் செய்கிற கம்பி, எண்ணெய், திருப்புளி, துண்டு, தண்ணீர். மேலுக்குப் பகட்டாகத் தெரிகிற பை ஆறு மாதத்தில் அடித்தையல் விட்டுவிடும். கித்தானோ தடித்த நைலானோ, அடியில் பலகைபோல் விறைப்பு இருக்கட்டும். தோள்பட்டை வெறுமே மேலே ஒட்டித் தைத்ததாக இல்லாமல் பையின் அடிவரை சுற்றி வரவேண்டும். ஜிப்பின் இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு சின்னப் பூட்டுப் போட இடம் இருக்க வேண்டும். வெளியே துப்பாக்கிப் படம், பட்டாளத்துப் பச்சைப் புள்ளிகள் எல்லாம் வேண்டவே வேண்டாம். "உள்ளே துப்பாக்கி இருக்கிறது, திருடிக்கொள்ளுங்கள்" என்று விளம்பரம் செய்வானேன்?

பின்னால் சொந்த உரிமம் வாங்கி, சொந்தத் துப்பாக்கியும் வந்தால், துப்பாக்கி தனக்கென்று உள்ள கெட்டிப் பெட்டியில் பூட்டி, அந்தப் பெட்டி பைக்குள் இருக்கட்டும். ரிவால்வரில் ஒரு சௌகரியம்: உருளையை வெளியே சாய்த்தால் ஆறு துளையும் கண்ணுக்கு நேராகத் தெரியும். காலி என்று கண்ணால் பார்த்து, விரலால் தடவி, பிறகுதான் பெட்டியில் வைக்க வேண்டும். பிஸ்டலானால் தோட்டா அறைக்குள் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாடாவைச் செருகி வைப்பார்கள். துப்பாக்கி காலி என்பதற்கு அது அடையாளம். வெளியே எடுத்துப் போகிற துப்பாக்கி மூடிய உறையிலோ பையிலோ, முழுதும் மறைந்திருக்க வேண்டும் என்று 2016-ஆம் வருடத்து ஆயுத விதிகளும் சொல்கின்றன. தோட்டா அதே பெட்டியில் வேண்டாம். தனி டப்பாவில், தனிப் பூட்டோடு.

தோட்டா எத்தனை வேண்டும்? பெண்கள் .22 பிஸ்டலால் சுடுகிற 25 மீட்டர் போட்டியில் கணக்கு 60. நிதானமாக 30, விரைவாக 30, ஐந்தைந்தாகச் சுடுவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் பழக்கத்துக்கு ஐந்து. ஆக மொத்தம் 70. .32 ரிவால்வரும் செல்லுகிற 'சென்டர்ஃபயர்' போட்டி சர்வதேச அளவில் ஆண்களுக்குத்தான் இருக்கிறது, அங்கேயும் அறுபதுதான். தோட்டா ஐம்பது கொண்ட டப்பாவாக வருகிறது. இரண்டு டப்பா தாராளம். .22 என்றால் டப்பா 170 கிராம் இருக்கும்; .32 என்றால் ஏறக்குறைய அரைக் கிலோ. "இருக்கட்டுமே" என்று ஐந்தாறு டப்பாவைச் சுமப்பதால் குறி ஒன்றும் சரியாகிவிடாது. தோள்தான் வலிக்கும், கணக்கும் தப்பும்.

தோட்டாவைச் சில்லறைக் காசுபோல் பையில் கொட்டி வைக்கவே கூடாது. .22 தோட்டாவுக்கு வெடிமருந்துப் பற்றவைப்பு அடி விளிம்பிலேயே இருக்கிறது. சாவிக்கொத்தோ திருப்புளியோ அந்த விளிம்பில் பலமாக இடித்தால் வெடிக்க இடமுண்டு. துப்பாக்கிக்கு வெளியே வெடித்தால் பித்தளைக் கூடு கிழிந்து சில்லாகப் பறக்கும். அதனால்தான் துளையிட்ட கட்டையில் தோட்டாக்களைத் தலைகீழாகச் செருகி வைக்கிறார்கள். நம் வீட்டுப் பல்லாங்குழியை நினைத்துக்கொள்ளுங்கள்! குழிக்கு ஐந்து சோழி போடுகிற மாதிரி, இங்கே வரிசைக்கு ஐந்து தோட்டா. எத்தனை துளை காலியோ அத்தனை சுட்டாகிவிட்டது. களத்தைவிட்டு வருமுன் கொடுத்தது எத்தனை, சுட்டது எத்தனை, திருப்பியது எத்தனை என்று ஒரு நோட்டில் மூன்று எண் எழுதினால் போதும். பால் கணக்கு எழுதுகிற கைக்கு இது பிரமாதமா? சுட்ட வெற்றுக் கூடுகளையும் ஞாபகார்த்தமாக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

கைப்பையிலே துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பதுண்டு. 2014-இல் கான்பூர் அரசாங்கத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற பெயரில் அரைக் கிலோ எடையுள்ள .32 ரிவால்வர் ஒன்றைப் பெண்களுக்காக என்று சொல்லி வெளியிட்டது. டில்லியில் 2012-இல் நடந்த கொடுமைக்குப் பிறகு வந்தது. விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்குமேல். நகைப் பெட்டிபோன்ற சிவப்புப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். கைப்பைக்குள் அடங்கும் என்றார்கள். என் அபிப்பிராயம் இது: கைப்பையை நாம் ஓட்டலில் நாற்காலியில் மாட்டுகிறோம், கல்யாண வீட்டில் மாமியிடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகிறோம், குழந்தை அழுதால் மிட்டாய் தேடச் சொல்லி அதன் கையிலேயே தருகிறோம். அந்தப் பைக்குள் குண்டு போட்ட ரிவால்வர் இருக்கலாமா? பாதுகாப்புக்கென்று வாங்குவது வேறு, விளையாட்டு வேறு. உங்கள் பெண் கற்பது விளையாட்டு. அதைப் பற்றிப் பாட்டியிடம் அச்சமில்லாமல் சொல்லலாம்.

பாட்டிக்கு வேண்டுமானால் சந்திரோ தோமர் கதையைச் சொல்லுங்கள். உத்தரப் பிரதேசத்தில் ஜோஹ்ரி என்ற கிராமம். பேத்திக்குத் துணையாகப் பயிற்சிக் களத்துக்குப் போனவர், பேத்தி தடுமாறுவதைப் பார்த்துத் தாமே பிஸ்டலைக் கையில் எடுத்தார். அப்போதே அறுபதைத் தாண்டிய வயது! வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல், தண்ணீர் நிறைந்த கூஜாவை நீட்டிப் பிடித்துக் கையைப் பழக்கினார். ஓரகத்தி பிரகாஷியும் கூடச் சேர்ந்துகொண்டார். வட இந்தியாவெங்கும் போட்டிகளில் பதக்கம் வாங்கிவிட்டு, 2021-இல் காலமானார். நம் பக்கத்திலும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. 2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித்குமார் வந்ததைப் பெண்ணே சொல்லியிருப்பாள். ஒலிம்பிக்கில் ரைஃபிள் சுட்ட இளவேனில் வாலறிவன் பிறந்தது கடலூரில்.

பையில் இன்னொன்றுக்கும் இடம் வேண்டும்: உதிரி பாகங்களுக்கு. டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், மனு பாக்கர் தகுதிச் சுற்றில் சுட்டுக்கொண்டிருக்கும்போது பிஸ்டலின் நெம்புகோல் உடைந்துவிட்டது. சரிசெய்துகொண்டு திரும்பியபோது 44 குண்டு பாக்கி. நேரமோ 36 நிமிஷம். 575 புள்ளி எடுத்தும் இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்று கைநழுவியது. 2024-இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கி, துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்று பெயரெடுத்தார் என்பது வேறு விஷயம். ஒலிம்பிக்கிலேயே உடைகிறது என்றால் திருச்சியில் உடையாதா? திருகாணி, திருப்புளி, கண்ணாடிக்கு மாற்று என்று ஒரு சிறு டப்பா, மூடி தெரியும்படி கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் இருக்கட்டும்.

கடுகைக் கொட்டச் சொன்னேனே, அதற்கு வருகிறேன். தோட்டாவின் குண்டு பெரும்பாலும் ஈயம்; பற்றவைக்கும் மருந்திலும் ஈயம் உண்டு. சுடும்போது கண்ணுக்குத் தெரியாத தூளாகக் கையிலும் துணியிலும் பையிலும் படியும். வயிற்றுக்குள் போனால், முக்கியமாய்ச் சிறு குழந்தைகளுக்கு, மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. ஆகவே அந்தப் பையில் இட்லிப் பொட்டலம் வைக்கக் கூடாது. களத்திலிருந்து வந்ததும் கையையும் முகத்தையும் கழுவிவிட்டுத்தான் சாப்பாடு. பையையும் அன்றைய உடுப்பையும் தம்பி தங்கை துணியோடு சேர்த்து அலசாதீர்கள். பையை உதறுவதைவிட ஈரத் துணியால் துடைப்பது மேல்.

விமானத்தில் போகிற நாள் வந்தால், தோட்டா கையோடு வரவே முடியாது. சரக்கில் போடுகிற பெட்டியில்தான், அதுவும் கெட்டியாகப் பொதிந்து, முன்கூட்டித் தெரிவித்து, ஆளுக்கு மொத்தம் 5 கிலோவுக்குள். இரண்டு பேர் பங்கை ஒரே பொட்டலமாகக் கட்டவும் கூடாது. இது சர்வதேச விதி. கம்பெனிகள் இதற்கும் குறைத்து அளவு வைப்பதுண்டு. டிக்கெட் எடுக்குமுன் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக உப்புக் காற்று. கடற்கரை ஊரில் இரும்பு என்ன பாடு படும் என்று காரைக்கால்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பைக்குள் இருக்கிற பஞ்சு மெத்தை ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு துப்பாக்கியைத் துருப்பிடிக்கச் செய்யும். பை, எடுத்துப் போவதற்கு மட்டும்தான், வைத்திருப்பதற்கு அல்ல. வீட்டுக்கு வந்ததும் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவி, இரும்புப் பீரோவில் பூட்டிவிட வேண்டும். தோட்டா வேறொரு பூட்டில். பையைத் திறந்தபடி நிழலில் காய விடுங்கள். மருந்துப் புட்டிகளோடு வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் துப்பாக்கிப் பெட்டியில் போட்டு வைக்கலாம். குழந்தைகள் மிட்டாய் என்று நினைத்து வாயில் போடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட பை கடையில் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். கார் உறை தைக்கிற கடையில் சொன்னால் கித்தானில் தைத்துக் கொடுத்துவிடுவார்கள். என்ன வைப்பதற்கு என்று அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. வாய் அகலம், மூன்று பக்கம் ஜிப், வெள்ளை உள்துணி, அடிவரை சுற்றுகிற பட்டை, உள்ளே ஓர் அறைகூட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். "ஒரு அறையாவது வைக்கிறேனே அம்மா, சில்லறை போட்டுக்கொள்ளலாம்" என்று தையற்காரர் கட்டாயம் சொல்லுவார். வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள்.